சென் யாய்

பாங்காக் வந்த புதுசுல நான் கத்துக்கிட்ட தாய் வார்த்தைல ஒண்ணு சென். நூடுல்ஸ் கடையில போய் நின்னா அந்தக்கா கேக்குற முதல் கேள்வியே எந்த சென்னுதான், மெல்லிசா வேணும்னா சென் லெக், பட்டையா வேணும்னா சென் யாய். ஒரு வருஷம் கழிச்சு ஆபீஸ்ல ஒரு பையனைப் பத்தி பேசும்போது "அவன் சென் யாய்"னு காதுல விழுந்துச்சு, என்னடா ஆளைப் போய் நூடுல்ஸ்ங்குறாங்கன்னு முழிச்சேன். சென்னுன்னா கோடு, இழை, எல்லாத்துக்கும் அதான் வார்த்தையாம், மேல இருக்குற யாரையாச்சும் பிடிச்சு இழுக்குற கயிறுக்கும் அதேதான். நம்மூர்ல "அவனுக்கு ஆள் இருக்கு"ங்குறோம்ல, அதான் இது.

11 வருஷம் ஆச்சு இங்க. ஊர்ல இருந்து புதுசா வேலைக்கு வர்ற பசங்க ரூம் செட் ஆனதும் கேக்குற முதல் கேள்வி, "அண்ணே இங்க லஞ்சம் எப்படி?" நான் சொல்றது ஒண்ணுதான், நம்மூர் மாதிரி கவுன்ட்டர்ல தேடாதீங்கடா, அங்க இருக்காது. வீட்டு முகவரி பேப்பர், லைசென்ஸ், இந்த மாதிரி எதுக்குப் போனாலும் டோக்கன் எடுக்கணும், உக்காரணும், நம்பர் வந்தா போகணும், பேப்பர் சரியா இருந்தா வேலை முடிஞ்சிடும், ஒரு பேப்பர் குறைஞ்சா திரும்பி வரணும், அவ்ளோதான். எங்க அப்பா ஒரு பட்டா மாத்துறதுக்கு வி.ஏ.ஓ ஆபீஸுக்கு எத்தனை நடை நடந்தாருன்னு பாத்து வளந்தவன் நான், எனக்கு இது அதிசயமாத்தான் இருந்துச்சு.

இதுல ஒரு கதை இருக்கு. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் வீட்டுல தங்குனா வீட்டு ஓனர் 24 மணி நேரத்துக்குள்ள இமிகிரேஷனுக்கு தகவல் குடுக்கணும், டிஎம் 30ன்னு ஒரு ஃபாரம். எங்க ஓனரம்மாவுக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. அவங்களை நான் பான்னுதான் கூப்பிடுவேன், தாய்ல பான்னா பெரியம்மா, "என்னப்பா"ல வர்ற பா இல்ல. நான் விசாவுக்குப் போய் நிக்கும்போது ஃபாரம் இல்லைன்னு 800 பாட் ஃபைன் போட்டாங்க. சட்டப்படி அது பா கட்ட வேண்டியது, ஆனா விசா எனக்குல்ல வேணும். நான் நம்மூர் பழக்கத்துல குரலைத் தாழ்த்தி, லேசா சிரிச்சு, வேற ஏதாச்சும் வழி இருக்கான்னு கேட்டேன். அந்தம்மா என்னை நிமிந்து பாத்துட்டு, அழகா சிரிச்சு, 800 பாட்டுக்கு ரசீது அடிச்சு ரெண்டு கையால நீட்டுனாங்க. அவமானமா போச்சு. பாகிட்ட சொன்னதுக்கு ஒரு கூடை மாம்பழம் குடுத்துச்சு, 800 பாட் மட்டும் இன்னும் வரல.

சரி அப்போ லஞ்சம் எங்கதான் இருக்கு? ரோட்டுல இருக்கு, அப்புறம் ரொம்ப மேல இருக்கு, நடுவுல கொஞ்சம் நம்மள மாதிரி ஆளுங்க பாக்கெட்லயும் இருக்கு, அதுக்கு வர்றேன்.

ரோட்டுக்கதை கொரோனாவுக்கு முன்னாடி நடந்தது. என்கிட்ட கார் லைசென்ஸ் இருந்துச்சு, பைக்குக்கு இங்க தனி லைசென்ஸ், அது இல்லாமலே சோம்பேறித்தனத்துல ஒரு வருஷம் ஸ்கூட்டர் ஓட்டிட்டிருந்தேன். ராத்திரி ஒம்பது மணி, ஒரு சோய், அதாவது சந்து, திரும்புன உடனே செக்போஸ்ட், இங்க அதுக்கு பேரு தான், தமிழ் "நான்தான்"ல வர்ற மாதிரியே. போலீஸ்காரர் சல்யூட் அடிச்சுதான் நிறுத்துனார், சத்தியமா. லைசென்ஸைப் பாத்துட்டு வருத்தமா தலையை ஆட்டி, ஸ்டேஷன்னா 500, ஆனா காலையில வரணும், சாவி இங்க இருக்கும், இங்கேயேன்னா 200ன்னார். நான் பர்ஸை எடுத்தவுடனே பதறிட்டார், கையில வாங்க மாட்டாராம். ஃபைன் புக்கைத் திறந்து என் பக்கம் நீட்டிட்டு அவரு எங்கயோ மரத்தைப் பாத்தார், நான் ரெண்டு சிவப்பு நோட்டை உள்ள வச்சதும் புக் மூடிக்கிச்சு. போகும்போது சொன்னதுதான் ஹைலைட்டு: அடுத்த தெருவுலயும் நிறுத்துவாங்க, இங்க குடுத்துட்டேன்னு சொல்லு, விட்டுடுவாங்க. அதே மாதிரி விட்டாங்க! ஒரு தடவை குடுத்தா அன்னிக்கு பூரா செல்லும், பஸ் பாஸ் மாதிரி.

எனக்கு அந்த நிமிஷம் கோபமே வரல, நிம்மதியாத்தான் இருந்துச்சு. 300 பாட் மிச்சம்னு மனசு கணக்கு போட்டுச்சு. வெளிநாட்டுல இருந்து வந்து இந்த ஊர்ல குப்பை கொட்டுற எல்லாரும் லஞ்சத்தைப் பத்தி பேசும்போது இந்த 300 பாட்டைச் சொல்ல மாட்டாங்க. ஏன் லைசென்ஸ் எடுக்கலைன்னு என்னை நான் கேட்டுக்கிட்டதும் அதுக்கப்புறம்தான், மறு வாரமே எடுத்துட்டேன், அந்த ஆபீஸ்ல யாரும் அஞ்சு பைசா கேக்கல.

இதே ரோட்டு சமாச்சாரம் 2023 ஜனவரில பெரிசா வெடிச்சுது. தைவான் நடிகை ஒருத்தங்களை செக்போஸ்ட்ல நிறுத்தி, வேப், அதாவது இ-சிகரெட், வச்சிருந்ததுக்காக 27,000 பாட் வாங்கிட்டாங்கன்னு அவங்க ஊருக்குப் போய் வெளிய சொன்னாங்க. முதல்ல அப்படி எதுவும் நடக்கவே இல்லைன்னு போலீஸ் மறுத்துச்சு, அப்புறம் நடந்தது உண்மைன்னு ஆச்சு. இதுல கவனிக்க வேண்டியது அந்த வேப்தான். 2014லயே இறக்குமதிக்குத் தடை, ஆனா மார்க்கெட்ல தள்ளுவண்டியில கலர் கலரா அடுக்கி விக்குறான், வாங்குற ஆளு பிடிபடுற வரைக்கும் அது குத்தமே இல்லைங்குற மாதிரி. சட்டம் எப்பவும் இருக்கு, குழாய் மாதிரி, அதைத் திறக்குறது மூடுறது வேற ஒருத்தர் கை. நூறு நாள் திறக்கலைன்னதும் குழாயே இல்லைன்னு நாம நினைச்சுக்குறோம்.

மாமூலுக்கு இங்க பேரு சுவாய். அந்தக் காலத்துல ராஜாவுக்குக் கட்டுற கப்பத்துக்கு இருந்த பேராம். இதுல ஒரு கூத்து, தாய்ல ராகம் மாறுனா அர்த்தம் மாறும், அதே சுவாயை ஏத்திச் சொன்னா அழகு, சமமா சொன்னா துரதிர்ஷ்டம், இறக்கிச் சொன்னா கப்பம். நான் ஒரு தடவை ஆபீஸ் லேடிகிட்ட உங்க டிரெஸ் அழகா இருக்குன்னு சொல்றதா நினைச்சு எதைச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. லாரிக்காரங்க மாசாமாசம் சுவாய் கட்டிட்டு கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டிக்குவாங்க, அந்த ஸ்டிக்கர் இருந்தா ஓவர்லோடா இருந்தாலும் யாரும் நிறுத்த மாட்டாங்கன்னு 2023ல ஒரு எம்.பி. படத்தோட எடுத்துப் போட்டார். அப்புறம் லஞ்சம் வாங்குறதுக்கு இவங்க சொல்றதும் கின், அதாவது திங்குறது, நம்ம "காசு தின்னுட்டான்" அப்படியே. பழைய காலத்துல மாகாணத்து அதிகாரிக்கு சம்பளமே கிடையாது, வசூல்ல ஒரு பங்கை எடுத்துக்குவாரு, அதுக்கு பேரே கின் முவாங், ஊரைத் திங்குறது. சூலலங்கோர்ன் ராஜா காலத்துல அதை மாத்தி சம்பளம் போட்டாங்க, பழக்கம் மட்டும் முழுசா போகல.

மேல இருக்குற கதை வேற லெவல். 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கம், நாங்கல்லாம் ஆபீஸ் படிக்கட்டுல இறங்கி ரோட்டுல நின்னோம், காலெல்லாம் ஆடிட்டே இருந்துச்சு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்ட மையம், இந்த ஊர்ல எத்தனையோ மாடிக் கட்டடம், முழுசா விழுந்தது ஒண்ணே ஒண்ணு, சதுசக்ல கட்டிட்டிருந்த 30 மாடி. அது யாருக்குக் கட்டுனதுன்னா அரசாங்கச் செலவை ஆடிட் பண்ற ஆபீஸுக்கு! இதை நான் கதையா எழுதுனா ஓவர்னு சொல்வீங்க. கிட்டத்தட்ட 90 பேர் செத்தாங்க, நிறைய பேர் கூலி வேலைக்கு வந்தவங்க. கட்டுன சீனக் கம்பெனியோட தாய் பங்குதாரர்கள் பேருக்குத்தான் இருந்தாங்களோன்னு விசாரணை, கைது எல்லாம் நடந்துச்சு.

அந்த "பேருக்கு" விஷயத்துலதான் நாம மாட்டுறோம். வெளிநாட்டுக்காரன் நிறைய தொழில்ல 49 சதவீதத்துக்கு மேல வச்சுக்க முடியாது, நிலம் வாங்க முடியாது. அதனால டிரைவர் பேர்ல, வேலைக்காரம்மா பேர்ல 51 சதவீதம் எழுதிட்டு கடை நடத்துறது இங்க எல்லா நாட்டு ஆளும் பண்றது, நம்ம ஆளுங்களும்தான், அந்தக் கடையில தோசை சாப்பிட்டு நானும் கைகழுவிட்டு வந்திருக்கேன். வெள்ளைக்காரத் தாத்தா ஒருத்தர் எங்க பில்டிங்ல இருக்கார், லிஃப்ட்ல பாத்தா போதும், போலீஸ் அப்படி மந்திரி இப்படின்னு ஆரம்பிச்சிடுவார். ரிட்டயர்மென்ட் விசாவுக்கு பேங்க்ல 8 லட்சம் பாட் காட்டணும், அவருகிட்ட அது இல்ல, ஏஜென்ட்தான் வருஷாவருஷம் காசைப் போட்டு எடுத்து முடிச்சுக் குடுக்குறார். அதுக்கு பேரு லஞ்சமான்னு கேட்டேன், "சர்வீஸ் சார்ஜ்"ன்னார்.

ஒண்ணு சொல்லிடுறேன், இந்தப் பதிவுல ஸ்டேஷன் பேரு, கடை பேரு எதுவும் தேடாதீங்க. இங்க அவதூறு கிரிமினல் கேஸ். 2020ல கோ சாங் தீவுல ஹோட்டலைப் பத்தி மோசமா ரிவ்யூ எழுதுன ஒரு அமெரிக்கரை உள்ள வச்சாங்க, ரிவ்யூவுக்கு! அப்புறம் 112ன்னு ஒரு செக்‌ஷன், ராஜ குடும்பத்தைப் பத்தி தப்பா பேசுனா ஒவ்வொரு குத்தத்துக்கும் 3ல இருந்து 15 வருஷம், அதனால அந்தப் பக்கம் நான் தலைவச்சும் படுக்குறதில்ல.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் போடுற ஊழல் லிஸ்ட்ல 2024ல இந்தியா 96வது இடம், தாய்லாந்து 107, நம்பர் ஏற ஏற ஊழல் ஜாஸ்தின்னு அர்த்தம். ஊர்ல இருந்து வர்ற மச்சானுக்கு இது நம்பவே முடியல, "பத்து நாளா ஒருத்தனும் காசு கேக்கலையே"ங்குறான். உனக்கு ஏன்டா தெரியும், நீ வாங்குன காபி விலையில, ரோட்டு கான்ட்ராக்ட்ல எல்லாம் ஏற்கனவே குடுத்துட்டேன்னு சொன்னா அவனுக்குப் புரியல, மசாஜுக்குப் போயிட்டான்.

பாவுக்குப் புரியும். 2025 செப்டம்பர்ல முன்னாள் பிரதமர் தக்சின் ஜெயிலுக்குப் போகணும்னு கோர்ட் சொன்ன அன்னிக்கு பா வீட்டுலதான் டிவி பாத்துட்டிருந்தேன். 15 வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு 2023ல திரும்பி வந்த மனுஷன், அன்னிக்கு ராத்திரியே நெஞ்சுவலின்னு போலீஸ் ஆஸ்பத்திரி 14வது மாடிக்குப் போய் ஆறு மாசத்தை அங்கேயே கழிச்சிட்டு பரோல்ல போனார், அந்த ஆஸ்பத்திரி நாளெல்லாம் ஜெயில் கணக்குல சேராதுன்னு அன்னிக்கு தீர்ப்பு. பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம், தொடையைத் தட்டுச்சு. அப்போ துணைப் பிரதமரா இருந்த பிரவித்தோட வாட்ச் கதையை எடுத்துச்சு, 20க்கு மேல விலையுயர்ந்த வாட்ச், எல்லாம் செத்துப்போன ஃபிரெண்டுகிட்ட இரவல் வாங்குனதுன்னு சொல்லி 2018ல தப்பிச்சது. ரெட் புல் வீட்டுப் பையன் கதையை எடுத்துச்சு, 2012ல ஃபெராரியில போலீஸ்காரரை இடிச்சுக் கொன்னுட்டு இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள்கூட ஜெயில்ல இல்ல. எல்லாம் சென், சென், சென்னுச்சு. பேரனை நல்ல ஸ்கூல்ல சேக்க கட்டுன பே சியாவைப் பத்தி நான் மெதுவா இழுத்தேன், அது டொனேஷன்பா, ஸ்கூலுக்கு ஏசி வாங்கிக் குடுத்தோம்னுச்சு.

கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் கவர் குடுத்துச்சு. மாம்பழம்னு நினைச்சேன், மேல மாம்பழம்தான், அடியில பேரனோட ரெஸ்யூமே. "உங்க கம்பெனி மேனேஜர் உனக்கு நல்ல பழக்கம்தான?"

மாம்பழம் நல்ல இனிப்பு. ரெஸ்யூமேவை திங்கக்கிழமை ஹெச்ஆருக்கு ஃபார்வர்டு பண்ணேன், தெரிஞ்ச பையன்னு ஒரு வரி சேத்து.