டிபி1 என்றால் எந்த டிபி1?

எங்கள் டீமில் யாரும் சர்வரின் முழுப் பெயரை அடிப்பதில்லை. தொலைவிலுள்ள மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் கட்டளையில் 'எஸ்எஸ்ஹெச் டிபி1' என்று அடிப்போம், அவ்வளவுதான். ப்ராடக்‌ஷன் விபிஎன்-இல் (நிஜப் பயன்பாட்டில் ஓடும் மெஷின்களுக்கான தனி நெட்வொர்க்) இருந்தால் அது ப்ராடக்‌ஷன் டேட்டாபேஸ். சோதனைக்கான ஸ்டேஜிங் விபிஎன்-க்கு மாறினால் அதே பெயரில் வேறொரு மெஷின். பெயரை முகவரியாக மாற்றுவதற்கான ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 'சர்ச்' என்றொரு வரி உண்டு. குட்டிப் பெயருக்குப் பின்னால் எந்த டொமைனை ஒட்டுவது என்று அதுதான் சொல்கிறது. அந்த வரியை எழுதுவது விபிஎன்னோ, நெட்வொர்க்கில் சேரும்போது முகவரி தரும் டிஹெச்சிபியோதான். நாம் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

எஸ்எஸ்ஹெச்சுக்கு இந்த ஒட்டுவேலை தெரியாது. கான்ஃபிக்கில் வேறு எதுவும் சொல்லாவிட்டால், அடித்த பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு முன்பு இணைந்த சர்வர்களின் அடையாளக் கீக்களைச் சேமித்து வைக்கும் நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதற்கான கீயைத் தேடும். எனவே விபிஎன் மாறியதும் திரையில் அந்தப் பெரிய எழுத்து எச்சரிக்கை வரும்: ரிமோட் ஹோஸ்ட்டின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் உட்கார்ந்து கேட்கலாம். உடனே பக்கத்து சீட்டிலிருந்து யோசனை வரும்: "எஸ்எஸ்ஹெச்-கீஜென் மைனஸ் ஆர் போடு, சரியாகிவிடும்." அது பழைய கீயை நீக்கிவிடும், சரியாகத்தான் போகிறது. ஆனால் அந்த எச்சரிக்கை சொன்னது முழு உண்மை: நேற்று பேசிய மெஷின் இது இல்லை.

இதைவிட மோசம், எச்சரிக்கையே வராத நிலை. ஒரே இமேஜிலிருந்து க்ளோன் செய்த மெஷின்களில் ஹோஸ்ட் கீயும் சேர்ந்தே நகலாகியிருந்தால், இரண்டு டிபி1-க்கும் ஒரே கீதான். சோதனை அமைதியாகத் தேறிவிடும். ஸ்டேஜிங்குக்கு என்று அடித்த டிராப் டேபிள் (அட்டவணையையே அழிக்கும் கட்டளை) ப்ராடக்‌ஷனில் ஓடும். புது மெஷின் முதல் தடவை எழும்போது கீயைப் புதிதாக உருவாக்க வேண்டும் என்று நான் ஓயாமல் நச்சரிப்பது இதனால்தான்.

தீர்வு பல காலமாகவே கையில் இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சின் பரவலான மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் 6.5 பதிப்பு 2014-இல் வந்தது. அதிலிருந்து கனானிகலைஸ்ஹோஸ்ட்நேம் என்ற ஆப்ஷன் உண்டு. அதை 'எஸ்' (yes) என்று வைத்து, கனானிகல்டொமைன்ஸ் வரியில் நம் டொமைனை எழுதிவிட்டால், எஸ்எஸ்ஹெச் தானே முழுப் பெயரைக் கண்டுபிடித்து அந்தப் பெயரில்தான் கீயைத் தேடும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ப்ராக்ஸிஜம்ப் (இடையில் இன்னொரு சர்வர்) வழியாகப் போகிறவர்களுக்கு 'எஸ்' வேலை செய்யாது, 'ஆல்வேஸ்' வேண்டும். இன்னொன்று, கனானிகலைஸ்ஃபால்பேக்லோக்கல் இயல்பாகவே 'எஸ்' நிலையில் இருக்கும். அதாவது நம் டொமைனில் பெயர் கிடைக்காவிட்டால் பழையபடி சிஸ்டத்தின் சர்ச் வரியிடமே போய் நிற்கும். அதை 'நோ' என்று மாற்றினால்தான் கதவு சாத்தியதாக அர்த்தம்.

இவ்வளவு எதற்கு என்பவர்களுக்குச் சின்ன வழி: எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கின் ஹோஸ்ட் பிளாக்கில் டிபி1 என்று எழுதி, ஹோஸ்ட்நேம் வரியில் முழுப் பெயரைப் போட்டுவிடுங்கள். நோன்-ஹோஸ்ட்ஸில் முழுப் பெயர்தான் பதிவாகும். பத்து சர்வர் வரை இது போதும்.

அதற்கு மேல் போனால் ஹோஸ்ட் சான்றிதழ்தான். ஓபன்எஸ்எஸ்ஹெச் 5.4-இலேயே, 2010-இல், வந்துவிட்டது. ஒவ்வொரு சர்வரின் கீயிலும் நம் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) கையெழுத்திடும். நோன்-ஹோஸ்ட்ஸில் சிஏவுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியில் நட்சத்திரம்-புள்ளி-டொமைன் என்று இருப்பதால், வெறும் டிபி1 என்று அடித்தால் பொருந்தாது. பழையபடி, இந்த மெஷினை நம்பலாமா என்ற 'எஸ்/நோ' கேள்வி வரும். இங்கேதான் மக்கள் சறுக்குகிறார்கள். சான்றிதழில் குட்டிப் பெயரையும் சேர்த்துவிட்டு, சிஏ வரியில் வெறும் நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். ஸ்டேஜிங் டிபி1-இன் சான்றிதழும் டிபி1 என்றுதான் சொல்லும், அதுவும் செல்லும். ஆரம்பித்த இடத்துக்கே வந்தாயிற்று, கையெழுத்தோடு.

வெப் உலகம் இதே பள்ளத்தில் கிடந்து எழுந்ததுதான். 'மெயில்' என்ற வெறும் பெயருக்குப் பொது சிஏக்கள் ஒரு காலத்தில் சான்றிதழ் தந்தன. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஏனென்றால் அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் வாங்கியதை வைத்து இன்னொருவரின் நெட்வொர்க்கில் 'மெயில்' ஆக நடிக்கலாம். சிஏக்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2015 நவம்பருக்கு மேல் காலாவதியாகும்படி இத்தகைய சான்றிதழ்களைத் தருவதை நிறுத்தி, மிச்சமிருந்தவற்றை 2016 அக்டோபருக்குள் ரத்து செய்யச் சொன்னது. உள் நெட்வொர்க்கில் நாமே சிஏ நடத்தும்போது மட்டும் ஏன் அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்?

முதல் இணைப்பின் 'எஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. யாரும் கீயின் சுருக்க அடையாளமான ஃபிங்கர்பிரின்ட்டை எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதில்லை, எனக்கும் பொறுமை கிடையாது. 8.0 பதிப்பிலிருந்து அந்தக் கேள்விக்கு 'எஸ்' என்பதற்குப் பதிலாக ஃபிங்கர்பிரின்ட்டையே ஒட்டலாம். பொருந்தினால் மட்டும் உள்ளே விடும். க்ளவுட் மெஷின் என்றால் மெஷினை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் முதல் பூட்டில் கன்சோல் லாகில் அதை அச்சிட்டிருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றிய பிறகு மைனஸ் வி (விவரமாகக் காட்டு) போட்டு இணைத்துப் பாருங்கள். கீ பொருந்தியது என்ற வரியில் முழுப் பெயர் வர வேண்டும். அப்புறம் பழைய குட்டிப் பெயர்ப் பதிவுகளை நீக்குங்கள். பெயர்கள் ஹாஷ் ஆகி, புரியாத எழுத்துகளாக மாறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எஸ்எஸ்ஹெச்-கீஜென் மைனஸ் எஃப் டிபி1 என்று கேட்டால் எந்த வரி என்று சொல்லும்.