அம்மாவின் கேள்வி

பயிர் விருத்தி ஆய்வுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டுக்கு வந்த என்னிடம், நாற்பது வருடம் கொழுந்து பறித்த அம்மா, இத்தனை காலத்தில் எத்தனை தேயிலை ரகம் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். உடனே பதில் வரவில்லை.

தேயிலைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது. ஆகவே விதையிலிருந்து முளைக்கும் ஒவ்வொரு கன்றும் தாய்ச்செடியிலிருந்து வேறுபட்டே நிற்கும். தேர்ந்தெடுத்த செடியை அப்படியே பெருக்க வேண்டுமானால், ஓர் இலையும் கணுவும் உள்ள தண்டுத் துண்டை வேர்விடச் செய்ய வேண்டும். தோட்டங்களில் 'வீபி' (vegetatively propagated, விதையின்றிப் பெருக்கிய) தேயிலை என்பது இதைத்தான்.

1946-இல் இலங்கைக்குள் நுழைந்த கொப்புள நோய் என்ற பூஞ்சை நோய், நாம் பறிக்கும் இளங்கொழுந்தையே தாக்குகிறது. நோய் எதிர்ப்பு, விளைச்சல், வறட்சி தாங்கும் திறன், கோப்பையில் சுவை எல்லாம் ஒரே செடியில் சேர்வது அரிது என்பதால், இரு செடிகளின் கலப்பிலிருந்து ஒரு ரகம் வெளிவர 20 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் புகழ்பெற்ற டீஆர்ஐ 2025 ரகமும் இப்படிப் பொறுமையாகத் தெரிவுசெய்யப்பட்டதே. (2025 என்பது ஆண்டன்று, ரகத்தின் இலக்கம், விளக்கிச் சலித்துவிட்டேன்.)

குறிப்பிட்ட குணங்களோடு தொடர்புள்ள மரபணு அடையாளங்களான டீஎன்ஏ குறியீடுகள் கன்றுப் பருவத்திலேயே சில குணங்களை ஊகிக்க உதவுகின்றன. ஆனால், சுவை பார்ப்பவரின் நாக்குக்கு இன்னும் மாற்று இல்லை என்பதே என் எண்ணம்.

நான் கலப்புச் செய்த கன்றுகள் சில இன்னும் பரிசோதனை மலையில்தான் நிற்கின்றன என்று அம்மாவிடம் சொன்னேன்.