என் விண்டேஜ் கைலிக் கடையில் இருக்கிறது

விண்டேஜ் என்று சொன்னாலே பலருக்கும் ஒரே படம்தான் கண்ணில் ஓடும். புள்ளி போட்ட ஃபிராக், பூனைக்கண் ஃபிரேம் கண்ணாடி, சிவப்பு லிப்ஸ்டிக், கையில் ஒரு சின்னப் பை. இன்ஸ்டாகிராமில் இதற்கென்றே பெரிய கூட்டம் இருக்கிறது. நானும் ரசித்துப் பார்ப்பேன். ஆனால் பழசின் மேல் எனக்கு இருக்கும் ஆசை வேறு பக்கம் இழுக்கிறது. 1950, 60களின் ஸ்டைல் வேண்டும் என்று தேடுகிறவர்களிடம், ஒருமுறை கைலிக் கடைக்குப் போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் கோடை முழுக்கப் போட்டுத் திரிந்த சட்டையின் துணி, கைலியில் வருகிற நம் ஊர்க் கட்டத்துணி. அதற்குப் பெயரே மெட்ராஸ்.

நான் குடியிருப்பது சிந்தாதிரிப்பேட்டையில். 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காகவே கிழக்கிந்தியக் கம்பெனி உருவாக்கிய பேட்டை இது. அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முன்னால், 1613இல், பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் இந்தக் கரையின் துணி வியாபாரத்தை நம்பித்தான். அங்கிருந்து கப்பலேறிய கட்டத்துணி இன்றும் மலேசியாவில் ‘கைன் பெலிக்காட்’ என்று பழவேற்காட்டின் பெயரைச் சுமந்தபடி ஆண்கள் இடுப்பில் இருக்கிறது. என் தெருவில் இப்போது தறிச்சத்தம் கிடையாது. ஆனாலும் கட்டம் போட்ட சட்டையோடு அந்தத் தெருவில் நடக்கும்போது, இந்த உடுப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை என்று தோன்றும்.

எனக்கு ஏன் இந்தக் கட்டம் இவ்வளவு பிடிக்கிறது? முதல் காரணம், அது சமச்சீராக இருக்காது. நல்ல மெட்ராஸ் துணி ஒன்றை விரித்துப் பாருங்கள். மெரூன் பட்டை அகலமாக வரும், பக்கத்தில் பாட்டில் பச்சை ஒடுக்கமாக வரும், நடுவில் கடுகு மஞ்சளில் இரண்டு இழை மட்டும் ஓடும், அப்புறம் திடீரென்று ஒரு வெள்ளைக் கோடு. அடுத்த சுற்று எங்கே ஆரம்பிக்கிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். காரைக்குடிக் கண்டாங்கியிலும் எனக்குப் பிடித்தது இந்தத் துணிச்சல்தான். கடுகு மஞ்சளையும் செங்கல் சிவப்பையும் கருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க அந்த நெசவாளர்கள் தயங்கவே மாட்டார்கள்.

இரண்டாவது காரணத்தைத் துணியைக் கையில் எடுத்தால்தான் சொல்ல முடியும். பாவிலும் (நீளவாட்டில் ஓடும் நூல்) சிவப்பு, ஊடையிலும் (குறுக்கே ஓடும் நூல்) சிவப்பு என்று சந்திக்கும் சதுரம் கெட்டிச் சிவப்பாக நிற்கும். பாவில் சிவப்பும் ஊடையில் பச்சையும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் இல்லாத ஒரு பழுப்பு பிறக்கும். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனால் அங்கே பழுப்பே இல்லை. பொடிப்பொடியாகச் சிவப்பும் பச்சையும் மாறி மாறி உட்கார்ந்திருக்கும். கை நீட்டித் தள்ளிப் பிடித்தால் மறுபடி பழுப்பு. நான்கு நிற நூலைப் பாவிலும் ஊடையிலும் ஓட்டினால் துணியில் பத்து நிறம் தெரியும். நான்கு தனி நிறம், ஆறு கலப்பு. சாயப்பட்டறையில் நான்கு தொட்டி, நெய்து முடித்த துணியில் பத்து. டிசைன் என்றால் இதுதான் என்று எனக்குப் படும். கொஞ்சம் பொருளை வைத்துக்கொண்டு நிறைய எடுப்பது.

அதனால்தான் அச்சடித்த கட்டத்தைப் பார்த்தால் எனக்கு மனசு ஒப்புவதில்லை. மால்களில் ‘ரெட்ரோ செக்ஸ்’ என்று எழுதித் தொங்கவிடுகிற சட்டைகளில் பாதி அச்சுதான். வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்கும், திருப்பினால் வெளுத்துப்போன மாதிரி இருக்கும். அந்த இடைநிறப் பழுப்பை ஒரே பூச்சாகப் பூசியிருப்பார்கள், கிட்டே போனாலும் பழுப்பு, தள்ளிப் போனாலும் பழுப்பு. சந்தேகம் இருந்தால் வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிப் பாருங்கள். நூல் முழுக்க ஒரே நிறமாக வந்தால் சாயம் போட்டு நெய்தது. கோடு கோடாக நிறம் மாறி வந்தால் அச்சு. கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, திருப்பிப் பார்க்காமல் நான் கட்டத்துணி வாங்குவதில்லை.

சரி, இது எப்படி அமெரிக்க ஸ்டைல் ஆனது? கேரளத்துக் கண்ணூரில் பிறந்த கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர், அப்போது துணி ஏற்றுமதியில் இருந்தார். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி வியாபாரி பம்பாய்க்கு வந்து அவரிடம் இந்தக் கட்டத்துணியை வாங்கிப்போனார். துணி அங்கே ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சட்டையாகவும் கோட்டாகவும் விற்றது. பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்ற பேச்சு மட்டும் வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. வாஷிங் மெஷினில் போட்டார்கள், சாயம் இறங்கிக் கூடப் போட்ட துணியெல்லாம் நிறம் பிடித்தது. வழக்கு போடுகிற அளவுக்குக் கோபம். அப்புறம்தான் ஒரு விளம்பரம் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது: சாயம் போகும், அதற்கு உத்தரவாதம் உண்டு. விளம்பர உலகத்துப் பெரியவர் டேவிட் ஓகில்வியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற வாசகம் இது. ஒவ்வொரு சலவைக்கும் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து மெத்தென்று ஆகும், உங்கள் சட்டை மாதிரி இன்னொரு சட்டை இருக்காது என்று சொல்லி விற்றார்கள். ஆட்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

சாயம் போகிற துணியைக் கொண்டுவந்தால் நம் வீடுகளில் திட்டு விழும். ஆனால் இன்று விண்டேஜ் பிரியர்கள் வெளுத்த ஜீன்ஸுக்கும் நைந்த டீ-ஷர்ட்டுக்கும் கொட்டிக் கொடுப்பது அந்தக் கசிவுக்கும் மங்கலுக்கும்தானே? உடுத்த உடுத்த மாறுகிற துணி என்பது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். இப்போது கைலிகளில் போடுகிற சாயம் பெரும்பாலும் அவ்வளவு லேசில் போகாது. அதனால் அந்த மங்கலை வருஷக்கணக்கில் உடுத்தித்தான் சம்பாதிக்க வேண்டும்.

அமெரிக்காவோடு கதை நிற்கவில்லை. 1964 கோடையில் டோக்கியோவின் கின்சா பகுதியில், மியுகி தெருவில், மெட்ராஸ் கட்டச் சட்டையும் கணுக்காலுக்கு மேல் நிற்கும் பேண்டுமாக இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றார்கள். ‘மியுகி-சோக்கு’ என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. ஒலிம்பிக் தொடங்குவதற்கு முன்னால், செப்டம்பரில், போலீஸ் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போனது. உடுப்புக்காக!

எனக்கு அதைவிட மனசுக்கு நெருக்கம் கரீபியன் தீவுகள். மார்த்தினிக், குவாதலூப் பெண்கள் இந்தக் கட்டத்துணியை மடித்துத் தலைக்கட்டு கட்டுவார்கள். முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் மனசில் யாரும் இல்லை, இரண்டு என்றால் நிச்சயமானவள், மூன்று என்றால் கல்யாணமானவள், நான்கு என்றால் மனசில் இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம். துணி முதலில் போனது. 1853க்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து ஆட்களும் அந்தத் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். போய் இறங்கிய நம்மவர்கள் அங்கே முன்பின் தெரியாத பெண்களின் தலையில் நம் ஊர்க் கட்டத்தைப் பார்த்திருப்பார்கள் இல்லையா? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் செய்தது இன்னும் அழகு. கட்டத்துணியை வாங்கி, பிளேடாலும் ஊசியாலும் குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுத்து, அதே துணியில் வேறொரு வடிவத்தை வரவழைப்பார்கள். ‘பெலெத்தே பித்தே’ என்று பெயர். நெய்தவர் வைத்த கணக்கின் மேல் உடுத்துகிறவர் தன் கணக்கைப் போடுகிறார். தனி ரசனை என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்கள்தான்.

என்னுடைய கணக்கு தையல்காரரிடம் ஆரம்பிக்கிறது. எங்கள் மாஸ்டர் வயதானவர், பெல்பாட்டம் காலத்திலிருந்து தைக்கிறவர். முதல் தடவை கைலியை மேசையில் விரித்தபோது தடவிப் பார்த்துவிட்டு, “இது என்னம்மா, வீட்ல போட்டுக்கவா?” என்றார்.

“ஆபீசுக்குத்தான் மாஸ்டர். பழைய சினிமால ஹீரோ போட்டுட்டு வருவாரே, கழுத்து திறந்த காலர், அரைக்கை, இறுக்கம் இல்லாம. அந்த மாதிரி வேணும்.”

“கட்டம் ஒட்டணுமா?”

“ஒட்டணும்.”

“அப்ப துணி கூடத் தின்னும். கைக்கு உள்பக்கம் ஒட்டு போட்டாத்தான் ஆகும். பரவால்லையா?”

பரவாயில்லை என்றேன். அவர் வெட்டிய விதத்தைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் முன்பக்கம் இரண்டையும் வெட்டவில்லை. பட்டன் பட்டி எந்தக் கோட்டில் மடிய வேண்டும் என்று முடிவு செய்தார். அந்த வெள்ளைக் கோடு சரியாகப் பட்டியின் நடுவில், பட்டன்களுக்கு அடியில் ஓடும்படி சாக்பீஸால் குறித்தார். வலது பக்கத்தை வெட்டி, அதை மீதித் துணியின் மேல் வைத்து, கட்டத்தோடு கட்டம் மறையும்வரை நகர்த்தி, குண்டூசி குத்தி, அப்புறம்தான் இடது பக்கம். பாக்கெட்டைக் கடைசியில் வெட்டினார். தைத்து முடித்தபோது பாக்கெட் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தோள்பட்டைத் துண்டை மட்டும் கிராஸில் வெட்டச் சொன்னேன். கட்டம் அங்கே சாய்சதுரமாகத் திரும்பி நிற்கிறது. மற்ற இடமெல்லாம் ஒட்டியிருப்பதால்தான் அந்த ஒரு திருப்பம் எடுபடுகிறது. கட்டம் ஒட்டாத சட்டை எவ்வளவு விலை கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

இந்தச் சட்டைக்குக் கீழே இடுப்பு உயரமான, பிளீட் வைத்த காட்டன் பேண்ட் போடுவேன். ஒற்றை நிறக் கைத்தறிச் சேலை கட்டும் நாளில் இதே துணியில் முழங்கை வரை கை வைத்த ரவிக்கை. தலை முதல் கால்வரை ஒரே காலத்தை உடுத்துவதில் எனக்கு நாட்டமில்லை, அது நாடக உடுப்பாகிவிடும். ஒரே ஒரு பழைய வெட்டு, மற்றதெல்லாம் இன்றைக்கு உள்ளது, அது போதும். என் தோழி ஒருத்தி கைலியையே பாவாடையாகச் சுற்றி, கருப்பு டீ-ஷர்ட்டும் கனத்த கருப்பு பூட்ஸும் போட்டு இசைக் கச்சேரிகளுக்கு வருவாள். ஆல்டர்னேட்டிவ் ஸ்டைல் என்று பேசுகிறோமே, சென்னையில் நான் பார்த்ததிலேயே அசலானது அதுதான்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. “அப்பா வீட்ல கட்டுற துணியில சட்டை தைச்சு நாலு பேர் நடுவுல போறியேடி” என்பார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். 2014இல் வேட்டி கட்டி வந்தவரைச் சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை என்று பிரச்சினை வெடித்து, சட்டமன்றத்தில் சட்டமே கொண்டுவந்தார்கள். கைலிக்காக அப்படி யாரும் கொதித்து நான் பார்த்ததில்லை. மூட்டை தூக்குகிறவர், கடலுக்குப் போகிறவர், லாரி ஓட்டுகிறவர் கட்டுகிற துணி என்பதால் அதை வாசலோடு நிறுத்திவிட்டோம். இதே கட்டம் நியூயார்க் போய்க் கோட்டாகத் திரும்பினால் ஸ்டைல் என்கிறோம். எனக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம். உழைக்கிறவர் உடுப்பு என்பதே அதை நான் பெருமையாகப் போட ஒரு காரணம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, அதே சாலையில் நடைபாதை ஓரமாக எக்ஸ்போர்ட் மிச்சத் துணிகளை அடுக்கி விற்பார்கள், பொறுமையாகப் புரட்டினால் நல்ல கட்டம் மாட்டும். கைலியாக வாங்கினால் மூட்டாத கைலி என்று கேட்டு வாங்குங்கள், நுனியிலிருந்து நுனிவரை துணி கிடைக்கும். நூறு சதவீதம் பருத்தியா என்று பாருங்கள், பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், வெயிலில் உடம்போடு ஒட்டும். தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்திவிடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும், ஒட்டிய கட்டம் பிறகு விலகாது. முதல் சில தடவை வெள்ளைத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள். காயப்போடும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் போடுங்கள்.