பலூனுக்குள் அடங்காத தமிழ்: காரைக்குடியில் ஒரு காமிக்ஸ் தளம் உருவான அனுபவம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளுள் ஒன்றில், எனாமல் சட்டிகளுக்கும் மரப்பெட்டிகளுக்கும் நடுவே சணல் கயிற்றால் கட்டிய பழைய காமிக்ஸ் கட்டு ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து அதைப் பிரித்தபோது, கதைகளைவிட அவற்றுக்கிடையே அச்சாகியிருந்த சந்தா அறிவிப்புகள்தான் என்னை நிறுத்தி வைத்தன. அடுத்த இதழில் என்ன கதை, விலை எவ்வளவு, மணியார்டர் அனுப்ப வேண்டிய முகவரி எது என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கி இன்றுவரை வாசகர்களைத் தக்கவைத்துக்கொண்டிருப்பதற்கு, வாசகருக்கும் பதிப்பகத்துக்கும் இடையே இருக்கும் இந்த நேரடித் தொடர்பு ஒரு முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

என் நண்பர்களுக்கு அந்தத் தொடர்பு இல்லை. காரைக்குடியில் ஒருவரும் தேவகோட்டையில் ஒருவரும் சொந்தமாகக் கதை எழுதி, வரைந்து, சமூக ஊடகங்களில் பகிர்ந்து வந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தைத் தற்செயலாகப் பார்த்த ஒருவர் முதல் அத்தியாயத்தைத் தேடிப்போனால், அது இரண்டு வருடப் பதிவுகளுக்கு அடியில் புதைந்திருக்கும். ‘கல்கண்டு’ இதழாசிரியர் தமிழ்வாணன் பிறந்த தேவகோட்டையும், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும், ஆயிரக்கணக்கான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தன் வீட்டிலேயே சேர்த்து வைத்த ரோஜா முத்தையாவின் கோட்டையூரும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருக்கும் இந்த வட்டாரத்தில், வரைந்த கதை வாசகரிடம் போய்ச் சேராமல் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வலைத்தள வடிவமைப்பு என் அன்றாடத் தொழில் என்பதால், 2023 ஆடி மாதத்தில் மூவரும் சேர்ந்து, இந்தக் கதைகளுக்கென ஒரு வலைத்தளம் உருவாக்கும் வேலையைத் தொடங்கினோம்.

முதல் மாதிரி மிக எளிமையானது. அச்சுக்காக வரைந்த ஏ4 பக்கங்களை அப்படியே படமாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டும்படி வைத்தேன். கணினித் திரையில் அது அழகாகவே இருந்தது. அன்று மாலை, வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தூணோரம் உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். தொடர்கதை படித்தே வளர்ந்தவர் அவர். இன்றும் வார இதழை அட்டை முதல் அட்டை வரை வாசிப்பவர். இரண்டு நிமிடம் திரையை இழுத்துப் பார்த்துவிட்டு, “எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குப்பா. பெருசாக்குனா படம் ஓடிப்போயிருது, படத்தைப் பாத்தா எழுத்து தெரியல” என்றார். நாங்கள் தீர்க்க வேண்டிய சிக்கல் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இருந்தது.

எழுத்தைப் படத்திலிருந்து பிரிப்பது என்று அன்றே முடிவு செய்தோம். ஓவியம் தனியாகவும், பலூன்களும் அவற்றுக்குள் இருக்கும் வசனமும் அதன்மேல் தனி அடுக்காகவும் இருந்தால், வாசகர் தமக்கு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். வசனத்தில் வரும் ஒரு சொல்லை வைத்துக் கதையைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். பிழை இருந்தால் பக்கத்தை மறுபடி வரையாமலே திருத்தலாம். ஆனால் நண்பர்களின் பழைய கோப்புகளைத் திறந்தபோது, வசனங்கள் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தன. கணினியில் தமிழ் எழுத்துகளைக் குறிக்கும் முறைகளான ஒருங்குறியையும் (யூனிகோடு) டேஸ்16ஐயும் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டாலும், பக்க வடிவமைப்புத் தொழிலில் பழைய எழுத்துருக்களின் பிடி இன்னும் தளரவில்லை. அவற்றிலிருந்து நகலெடுத்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வந்து விழும். எழுத்துரு மாற்றும் மென்பொருள்களால் ஒருங்குறிக்குக் கொண்டுவந்து, வரி வரியாக மெய்ப்புப் பார்த்து முடிக்கவே இரண்டு மாதங்கள் ஆயின.

அதன்பிறகு வந்த சிக்கல் தமிழுக்கே உரியது. ஆங்கில வசனத்துக்கு வரைந்த அளவில் பலூன் வரைந்தால் அதில் தமிழ் அடங்காது. “கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்” என்பதில் இரண்டே சொற்கள்தான் இருக்கின்றன. ஒடுங்கிய பலூனில் எந்தச் சொல்லையாவது நடுவில் உடைத்துத்தான் ஆக வேண்டும். நான் முதலில் எழுதிய நிரல், கணினி எண்ணும் குறியீடுகளின் கணக்கை வைத்தே வரியை உடைத்தது. ‘கொ’ என்பது நமக்கு ஓரெழுத்து. ஒருங்குறியிலோ ககரம் ஒரு குறியீடு, ஒகரக்குறி இன்னொரு குறியீடு. இதனால் ஒரு பலூனில் வரியின் கடைசியில் ‘க’ தனியாக நிற்க, அடுத்த வரி புள்ளிவட்டத்தோடு கூடிய ஒரு கொம்பிலும் காலிலும் தொடங்கியது. அதைப் பார்த்த தேவகோட்டை நண்பர் சிறிது நேரம் பேசவே இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த பக்கம் அது. குறியீடுகளை விட்டுவிட்டு முழு எழுத்துகளை எண்ணும்படி நிரலைத் திருத்தினேன். அதோடு, எங்கே உடைக்கலாம் என்பதை ஓவியரே குறித்துவைக்க வழி செய்தேன். ‘கொடுத்துவிட்டு’ என்பதைக் ‘கொடுத்து’ என்ற இடத்தில் உடைத்தால் வாசிப்பவரின் நாக்கு இடறாது என்பது அவருக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது.

கட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்து மேலிருந்து கீழே உருட்டி வாசிக்கும்படி வைக்கலாம் என்று நான் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. காரைக்குடி நண்பரின் கதையில் ஒரு முழுப்பக்கம், தெருவாசலில் நிற்கும் சிறுவனின் கண் வழியே முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வாசலுக்குள் வாசலாகப் பின்கட்டு வெளிச்சம் வரை ஊடுருவிப் பார்க்கும். “அண்ணே, இதைத் துண்டு துண்டா வெட்டுனா வீடே இல்லாமப் போயிரும்” என்றார் அவர். அவர் சொன்னது முற்றிலும் சரி. கட்டங்களின் வரிசையையும், எந்தப் பக்கத்தை உடைக்கக் கூடாது என்பதையும் ஓவியரே தீர்மானிப்பார் என்றும், எந்த இடத்திலும் திரையை ஒருமுறை தட்டி முழுப்பக்கத்தையும் பார்க்கலாம் என்றும் வைத்தோம்.

தளம் விட்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அத்தியாயத்தின் முடிவில் அடுத்ததற்கான பொத்தானும் சந்தாப் பொத்தானும் மட்டுமே இருக்கும். சந்தா செலுத்துபவர் ஒப்புக்கொண்டால் அவருடைய முகவரி ஓவியரிடமே சேரும். ஓவியர் நாளை எங்கள் தளத்தைவிட்டு விலகினாலும் அந்தப் பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்லலாம். இதில் நான் சற்றும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

பணம் பற்றி நிறையப் பேசினோம். அத்தியாயத்துக்குப் பத்து ரூபாய் என்று வாங்கிப் பார்த்ததில், யூபிஐயில் செலுத்துவது எளிதாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் பணம் கேட்கும் திரை கதையின் ஓட்டத்தை அறுத்தது. இப்போது முதல் மூன்று அத்தியாயங்கள் இலவசம். மற்றவற்றுக்கு ஆண்டுச் சந்தா. அச்சுப் புத்தகம் கேட்பவர்களுக்கு அஞ்சல்தான் வழி. புத்தகங்கள் அனுப்புவதற்காக அஞ்சல் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராமுக்கு 20 ரூபாயிலிருந்து 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரைதான் அடிப்படைக் கட்டணம் என்று அறிந்து மகிழ்ந்தோம். ஆனால் விதிகளை வாசித்தபோது, பருவ இதழ்களை அதில் அனுப்ப முடியாது என்பது தெரிந்தது. மாத இதழாக அச்சிடும் எண்ணத்தைக் கைவிட்டு, கதை முடிந்த பிறகு முழுப் புத்தகமாகவே கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். கதைக்கும் அதுவே நல்லதாக அமைந்தது.

இப்போது ஒலிச்சொற்களில் வேலை நடக்கிறது. வசனம் எழுத்தாகவே இருப்பதால், பார்வையற்ற வாசகர்களின் திரைவாசிப்பான் அதைச் சத்தமாக வாசித்துக்காட்டுகிறது; ஆனால் ஓவியத்தோடு சேர்த்து வரைந்த ‘டமால்’, ‘சளக்’ போன்றவற்றை அது தாண்டிப்போய்விடுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி விளக்கத்தை ஓவியர்கள் தாங்களே எழுதி வருகிறார்கள். அந்த முழுப்பக்கத்துக்குக் காரைக்குடி நண்பர் எழுதியிருப்பது இது: “ஐந்து வாசல்களுக்கு அப்பால், பின்கட்டு வெயிலில் ஆச்சி வற்றல் காயவைக்கிறார்.”