தீப்பெட்டி காத்த கோபுரம்

1991ஆம் ஆண்டின் எஸ்தோனியாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், என் மனம் தாலின் நகரின் 314 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரத்தில்தான் போய் நிற்கிறது. மார்ச் 3 அன்று நடந்த வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெறுவதை ஆதரித்திருந்தார்கள். ஆயினும், மாஸ்கோவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட் 20 அன்று, இரவு பதினொரு மணிக்குச் சற்றுப் பின்னர்தான் எஸ்தோனியாவின் சட்டமன்றமான உச்ச மன்றம் 69 வாக்குகளால் அந்த விடுதலையை உறுதிசெய்தது. மறுநாள் காலை சோவியத் படையினர் கோபுரத்துக்குள் நுழைந்தபோது, மேலே ஒலிபரப்பைக் காத்து நின்ற சிலர் மின்தூக்கியின் கதவிடுக்கில் ஒரு தீப்பெட்டியைச் செருகி, அது நகராதபடி செய்துவிட்டார்கள். ஒரு வல்லரசின் படை படியேறித் திண்டாடியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. ஆகஸ்ட் 22 அன்று ஐஸ்லாந்து அந்நாட்டை அங்கீகரித்தது. செப்டம்பர் 17 அன்று ஐ.நா. அவையில் அதற்கு இடம் கிடைத்தது.