மிதவையில் கட்டி நிற்கும் பெரிய வள்ளத்துக்குப் போய்வர எந்தச் சின்ன வள்ளம்?

எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டுத்தான் பலர் சின்ன வள்ளம் வாங்குகிறார்கள். திருகோணமலையில் முதலில் கேட்கவேண்டியது, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு எதிரே இதைத் துடுப்பால் வலித்துவர முடியுமா என்பதை.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும். அந்த மாதங்களில் உப்புவெளி, நிலாவெளிக் கரையோரம் கடல் தட்டையாகக் கிடக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. போகும்போது காற்றே தள்ளிவிடும், திரும்பும்போதுதான் வில்லங்கம். துடுப்பு முறிந்தால் முன்னால் இருப்பது வங்காள விரிகுடா மட்டும்.

காற்றடிக்கும் றப்பர் வள்ளம் இந்த இடத்தில்தான் தோற்கும். 2.4 மீற்றர் நீளமானது ஏறத்தாழ 25–30 கிலோ. ஒருவரே மணலில் இழுக்கலாம். விளிம்பில் மிதித்து ஏறினாலும் லேசில் கவிழாது, பெரிய வள்ளத்தின் பெயின்ரும் உரசுப்படாது. ஆனால் தண்ணீருக்கு மேலேயே நிற்பதால் காற்று பிடித்துக்கொள்ளும். கூட வரும் துடுப்பும் கட்டை. 15 நொட் (மணிக்கு 28 கிலோமீற்றர் அளவு) காற்றுக்கு எதிரே வலித்தால் கைதான் நோகும், வள்ளம் நகராது. வெயிலும் எதிரி. பிவிசியில் முதலில் போவது ஒட்டிய மூட்டு. ஹைபலோன் என்ற செயற்கை றப்பர் வெயிலைத் தாங்கும், விலைதான் கூட. காலையில் 25 பாகையில் 0.25 பார் அழுத்தத்துக்கு அடித்த குழாய், மதியம் சுடுமணலில் 50 பாகைக்கு ஏறினால் 0.35 பாரை நெருங்கும். கரையில் விடுவதென்றால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடவேண்டும். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து தொய்யும், திரும்ப அடிக்கவேண்டும். சிப்பி ஒட்டிய இறங்குதுறைக் கல்லில் ஒருமுறை உரசினாலே கிழியலாம்.

இஞ்சின் பூட்டாமல் போய்வருபவருக்கு, அடியில் ஏரா (நீளவாக்கில் ஓடும் மேடு) வைத்த 2.4–2.7 மீற்றர் ஃபைபர் வள்ளமே சரி. ஏரா இல்லாதது ஒவ்வொரு வலிப்புக்கும் பக்கவாட்டில் சுழலும். எடை 45–60 கிலோ வரும், தூக்க இரண்டு பேர் வேணும். விளிம்பைச் சுற்றித் தடித்த பழைய கயிறு கட்டினால் பெரிய வள்ளத்தில் இடிபடாது. அகலம் 1.2 மீற்றர் என்றால் துடுப்பு 2.1–2.3 மீற்றர்.

தண்ணீர் நிறைந்தால் ஃபைபர் தானாக மிதக்காது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 50 கிலோ வள்ளத்தின் உடலை மட்டும் மிதக்கவைக்க 20 லீற்றர் காற்றிடம் போதும். இஞ்சின் பூட்டினால் அதையும் சேர்த்து, கவிழ்ந்தால் ஆட்கள் பிடித்துத் தொங்குவதையும் எண்ணினால் 100 லீற்றர் வைப்பது நல்லது. இறுக மூடிய 20 லீற்றர் கேன் ஐந்தை இருக்கைகளுக்குக் கீழே கட்டினால் வேலை முடியும். சும்மா செருகிவிட்டால் கவிழும்போது அவை தனியே மிதந்து போய்விடும்.

உட்துறைமுகத்துக்குள் மட்டும் போய்வருபவர் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. அங்கே பிளாஸ்டிக் கயாக்கே போதும். வடகிழக்கிலிருந்து காற்று வீசும் வாடைக் காலத்தில் திறந்த கரையில் எதையும் இறக்காதீர்கள்.

முன்கயிறு மிதக்கும் வகையாக இருக்கட்டும், 8–10 மில்லிமீற்றர் தடிப்பில். நைலோன் தாழும், இஞ்சின் காற்றாடியில் சுற்றும். 2–3 கிலோ நங்கூரமும் 30 மீற்றர் கயிறும் எப்போதும் உள்ளே கிடக்கவேண்டும். கட்டுப்பாடு போனால் உடனே போடுங்கள், வலித்துப் பார்த்துக் களைத்த பிறகு அல்ல. திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக்குடாவில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே தொடங்குகிறது. கொஞ்சம் தள்ளிப் போனாலே 30 மீற்றர் கயிறு அடியைத் தொடாது.

பெரிய வள்ளத்தில் ஏறும்போது முன்கயிற்றைக் கட்டாமல் யாரும் எழும்பக்கூடாது. எழும்புபவர் கால் நடுவில் இருக்கவேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

காசு கொடுக்குமுன் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கி, வழக்கமாகப் போகும் ஆட்களையும் எண்ணெய்க் கேனையும் ஏற்றிப் பாருங்கள். தண்ணீருக்கும் விளிம்புக்கும் இடையே 25 சென்ரிமீற்றர் மிஞ்சாவிட்டால் அடுத்த அளவை எடுங்கள்.