அடிசனின் பெட்டிகளைத் தேடிப் போனேன்

எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டில் உடற்கூறியல் படித்தவர்களுக்கு 'அடிசன் தளம்' நினைவிருக்கும்: வயிற்றின் குறுக்கே, முதல் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் போகிற கற்பனைத் தளம். அந்தக் கிறிஸ்டோபர் அடிசன்தான் பிறகு அரசியலுக்குப் போய் 1919இல் பிரிட்டனின் முதல் சுகாதார அமைச்சரானார் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. (அட்ரினல் நோய்க்குப் பெயர் தந்தவர் வேறு அடிசன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இருவரையும் குழப்பி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.)

அவருடைய தாள்கள், அதாவது கடிதங்களும் குறிப்புகளும், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பெட்டிகளில் இருக்கின்றன. வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அப்புறம் ஓர் உறுதிமொழி. நூலகத்துக்குள் தீயோ சுடரோ கொண்டுவர மாட்டேன், மூட்ட மாட்டேன், புகைபிடிக்க மாட்டேன் என்று வாய்விட்டுப் படித்தேன். அக்னி சாட்சியாகச் சத்தியம் செய்கிற ஊரிலிருந்து வந்தவன், அக்னியே வேண்டாம் என்று சத்தியம் செய்தேன்! பை லாக்கருக்குப் போனது. பேனா கூடாது, பென்சில்தான்.

நான் தேடிப் போனது அவருடைய வீழ்ச்சியை. அப்போது வீட்டு வசதியும் சுகாதார அமைச்சரின் பொறுப்பில்தான் இருந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு மூன்று ஆண்டில் 5 லட்சம் வீடுகள் என்று 1919 சட்டத்தில் கிளம்பினார்கள். செலவு எகிறியது, பாதிகூடக் கட்டி முடியவில்லை. 1921 ஏப்ரலில் அவரை இலாகா இல்லாத அமைச்சராக்கினார்கள். ஜூலையில் ராஜினாமா செய்துவிட்டார்.

பிரதமர் லாயிட் ஜார்ஜிடம் அவர் என்ன வாதாடினார் என்று பார்க்கத்தான் பெட்டிகளை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: ஒருவரின் தாள்களில் பெரும்பாலும் அவருக்கு வந்த கடிதங்கள்தான் இருக்கும். அவர் எழுதியவை, நகல் வைத்திருந்தால் ஒழிய, வாங்கியவரிடம்தான். லாயிட் ஜார்ஜின் தாள்கள் லண்டனில். அமைச்சகக் கோப்புகள் கியூ (Kew) என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். மருத்துவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் ஒரு மருத்துவமனையில், பதில் இன்னொன்றில் என்று எத்தனை நோயாளிகளை அலையவிட்டிருக்கிறோம்.

சரி, இரண்டாம் நாள் பதவி வாரியாகத் தேதிப் பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். போர்க்கால நாட்குறிப்புகளை 1934இல் அவரே புத்தகமாக்கியிருக்கிறார். அதை முதலில் படித்திருந்தால் பாதி நேரம் மிச்சம். பட்டியலும் முடிகிற வழியாக இல்லை. மனிதர் லிபரல் கட்சியை விட்டு லேபருக்குப் போய், 1945இல் 76 வயதில் மறுபடி அமைச்சராகிவிட்டார். அதற்குள் நான் நுழையவில்லை. அடுத்த மாதம் லண்டன், 1921க்கு மட்டும்.